அசரியா கட்டாத படுதா

சித்தூர் ஜில்லாக்காரனுக்கு வெயிலைப் பற்றி எல்லாம் தெரியும், குளிரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பத்து மாதம் வெந்து கிடப்பவன், மார்கழியில் காட்டுக்குப் போன இடத்தில் பனி விழுந்தால் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் பட்ட ஓட்டையை எல்லாம் அடைக்கக் கிளம்பிவிடுவான். அசரியா மட்டும் அப்படி இல்லை.

அசரியா காட்டிலாகாவில் கலாசி. ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஆபீசர்கள் ரிசர்வ் காட்டில் கேம்ப் போடுவார்கள். பாகாலாவில் ரயிலிலிருந்து இறக்கிய டேராக்களை மாட்டு வண்டியில் ஏற்றி, அவர்களுக்கு முன்னால் போய் அடித்து வைப்பது அவன் வேலை. அவன் முளையடித்த டேரா எந்தக் காற்றுக்கும் சாய்ந்ததில்லை. ஆனால் யாருடைய டேராவானாலும் பின்பக்கப் படுதாவில் ஒரு சாண் கட்டாமல் விட்டுவிடுவான். துரைமார் திட்டிப் பார்த்தார்கள். காட்டைக் காவல் காக்கும் கார்டுகள் 'ஓட்டை டேரா' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவன் ஏனென்று சொன்னதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மற்றவர்களைவிட இறுக்கமாகக் கட்டுகிறவனாக இருந்தான். அந்த வருஷம்தான் மிஷன் காம்பவுண்டிலிருந்து கிருபாவதியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்க இல்லாம எனக்கு இன்னா பண்டிகை?" என்று அவளும் வண்டியேறி வந்துவிட்டாள். துரை பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். சிறுத்தை நடமாட்டம் இருந்ததால் அசரியா மாடுகளுக்குக் காவல் இருக்க வேண்டும். குளிரில் அவள் பல் தந்தியடித்தது. அவனுக்குத் தாங்கவில்லை. துரையின் குமுட்டி அடுப்பில் கரியைக் கொட்டி, கனிந்ததும் தூக்கிக்கொண்டு போய் அவள் படுத்திருந்த டேராவுக்குள் வைத்தான். படுதாவை வெளியிலிருந்து இறுக்கிக் கட்டி, அடியில் மண்ணையும் அணைத்தான்.

"கொஞ்சம் தொறந்து வைங்க. மூச்ச அடைக்குது."

"பனி வந்துடும். கம்முனு படு."

விடிந்ததும் காபியோடு போய்க் கூப்பிட்டான். கன்னமெல்லாம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவள் போலத்தான் கிடந்தாள். காட்டுக் காய்ச்சல் என்று சொல்லிப் புதைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, கையில் முள் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கம்பவுண்டர் வேறு யாரிடமோ மூடின அறையில் கரி எரிந்தால் ஆள் செத்துப்போவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அசரியா கட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினான். வழியில் களி வாங்கித் தின்றான். அழுகை வரவில்லை, அன்றைக்குப் பிறகு வேறு எதுவும்கூடப் பெரிதாக வரவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். அவன் இரண்டையும் செய்யாமல் முளையடித்துக்கொண்டிருந்தான்.

இந்த மார்கழியில் பாக்கராப்பேட்டைக் காட்டில் கேம்ப். ரேஞ்சர் ஆதிநாராயணன் புத்தூர்க்காரர், புது மாப்பிள்ளை. மனைவி தாட்சாயணியையும் அழைத்து வந்திருந்தார். பொழுது சாய்ந்ததும் பனி இறங்கியது. அடுப்பங்கரையிலிருந்த குமுட்டியை ரேஞ்சர் உள்ளே தூக்கி வைக்கச் சொன்னார்.

"அம்மா நடுங்கினு கீறாங்க. எல்லாத்தையும் இஸ்து கட்டு."

"ஒரு சாண் வுட்டுடறேன் ஐயா."

"ஒரு வெரல்கூட வுடக்கூடாது. உன் ஓட்டை கதையெல்லாம் கேட்டுக்கினுதான் வந்தேன். கட்டு!"

அசரியா கட்டினான். இருபது வருஷப் பழக்கம், கை தானாக முடிச்சுப் போட்டது. கடைசி முடிச்சில் நின்றுவிட்டது. கார்டுகள் நாலு பேரும் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"ஐயா," என்றான். ஆஜர் பட்டியலைப் படிக்கிற குரல்தான். "கரிய உள்ள வச்சி இப்டித்தான் கட்டினேன். தொறன்னு சொன்னா. நான் தொறக்கல. காத்தால என் பொஞ்சாதி செத்துக் கெடந்தா. காய்ச்சல் இல்ல ஐயா. நாந்தான்."

சிரிப்பு நின்றது. ரேஞ்சரே உள்ளே போய்க் குமுட்டியைத் தூக்கி வந்து வெளியே மண்ணில் கவிழ்த்தார். அசரியா பின்பக்கம் போய் ஒரு சாண் அவிழ்த்துவிட்டான். சொல்லிவிட்டோமே என்று அவனுக்கு ஆறுதலாகவும் இல்லை, வெட்கமாகவும் இல்லை.

விடியற்காலையில் தாட்சாயணி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தாள். முந்தின நாள் மாலை அடுப்பங்கரையில் இருந்த அவளுக்கு எதுவும் தெரியாது.

"இன்னா அசரியா, உன் டேராவுல ராத்திரியெல்லாம் குளுர்ல செத்தேன் போ!"

அவன் காபி டம்ளரை நீட்டினான். அவள் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து ஊதினாள். அவள் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது.

அசரியா அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ரேஞ்சர் இரண்டு தரம் காபி கேட்டும் அவன் காதில் விழவில்லை.