தட்டைக் கவிழ்த்து வரைந்த வட்டம்

அவள் பாராளுமன்றத்தில் பேசியதை, சிறுசேரியில் நான் கூட்டித் துடைக்கிற ஆபீஸ் வரவேற்பறை டிவியில்தான் பார்த்தேன். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள், வாய் மட்டும் அசைந்தது. பேசும்போது அவளுக்கு இடது கை தானாக எழும். படாளத்தில் எங்கள் காலனிக் குழாயடியில் என்னோடு குடம் வைத்து நின்றபோது எழுந்த அதே கை. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள், அவள் பத்து முடித்தவள். ஆனால் அன்றைக்கு நாங்கள் கொடுத்த மனுவின் யோசனை என்னுடையது. எங்கள் சுடுகாட்டுப் பாதையை வயல்காரர் ஒருவர் வேலி போட்டு அடைத்திருந்தார். பிணத்தைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கவேண்டும். மனு கொடுக்கலாம் என்றால் முதல் கையெழுத்துப் போட ஆளில்லை. முதல் பெயரைத்தான் போலீஸ் தேடி வரும். என் வீட்டுக்காரர் அந்த வயல்காரரிடம்தான் டிராக்டர் ஓட்டினார், அதனால் எல்லாரையும்விட எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் தோன்றியது. சோறு தின்கிற எவர்சில்வர் தட்டைத் தாளில் கவிழ்த்து வட்டம் வரைந்தேன். அதைச் சுற்றி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். முதல் ஆள் யார், கடைசி ஆள் யார், கண்டுபிடிக்க முடியாது.

"மூளக்காரிடி நீ," என்றாள் அவள்.

செங்கல்பட்டு ஆபீசில் மனுவை நீட்டியதும் நான்தான். எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கோலமா? ரசீதுல ஒரு பேர் போடணும். மனுதாரர் யாரு?"

இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. என் கண்ணுக்குள் டிராக்டர் வந்து நின்றது, நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்து அவள், டீ சொல்கிற மாதிரி, "என் பேரப் போட்டுக்கோ சார்," என்றாள்.

அந்த ரசீதுதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. போலீஸ் அவளைக் கூப்பிட்டது, பேப்பர்காரர்களும் அவளைத்தான் தேடினார்கள். வேலியைப் பிரித்தார்கள். அவள் வார்டு மெம்பர் ஆனாள், அப்புறம் எம்எல்ஏ, இப்போது எம்பி. ஒவ்வொரு தடவையும் ஓட்டு அவளுக்குத்தான் போட்டேன். போட்டுவிட்டு, தோற்றால் தேவலை என்றும் நினைத்திருக்கிறேன்.

போன மாதம் மாமல்லபுரத்தில் கூட்டம். கடலோரக் குப்பத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னதற்கு எதிராகப் பேச வந்தாள். அந்த வட்டம் யாருடையது என்று ஒரு தடவையாவது சொல்வாளா, அதைக் கேட்கத்தான் போனேன். மனுவின் ஜெராக்ஸ் என் பையில் இருந்தது.

"முதல் கையெழுத்துக்குப் பயமா? ஒரு தட்டு எடுத்துக்கினு வாங்க," என்று ஆரம்பித்தாள். எனக்குக் காது சூடானது. எடுத்துக்கொண்டாள், இதையும் எடுத்துக்கொண்டாள்.

"இது என் யோசனை இல்ல. தோ, பந்தக்கால் ஓரமா நிக்கிறாளே, அவளோடது. மேல வாடி."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"பஸ்சு போயிடும்," என்றேன்.

"சரி, பாத்துப் போ," என்றாள். சிரித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள்.

செங்கல்பட்டுக்கு அடுத்தடுத்து பஸ் உண்டு. அது அவளுக்கும் தெரியும். இன்னொரு தடவை கூப்பிட்டால் என்னவாம் என்று, திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.