பாட்டு மாடிக்குக் கீழே ஒரு கதவு

பூட்டுக்காரரே என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று கோயில் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் எழுப்புவதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். பிறகு நாற்பது வருஷம் பூட்டு, சாவி, கீல், தாழ்ப்பாள் என்றே ஓடிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் எழுந்து வெளியே நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை.

கல்யாணமும் பூட்டால் வந்ததுதான். பக்கத்துத் தெருத் தையல் கடையில் வேலை பார்த்த பெண் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். இவர் போய் ஒரு கம்பியை விட்டு இரண்டே நிமிஷத்தில் திறந்து கொடுத்தார். நன்றி சொல்வாள் என்று நின்றால், "இவ்வளவு லேசா தொறக்குதுன்னா இதெல்லாம் ஒரு பூட்டா?" என்று கேட்டாள். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாளே எந்தக் கம்பிக்கும் மசியாத பூட்டு ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினார். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வாரத்துக்கு இரண்டு தடவை போனார். பூட்டுக்கு ஒரு குறையும் இல்லை. எட்டாம் மாதம் கல்யாணம் முடிந்தது.

வீட்டுக்காரிக்கு நல்ல குரல். கோயில் பாடகர் குழுவில் இருபத்தேழு வருஷமாகப் பாடுகிறார். குழு நிற்பது கோயிலின் பின்பக்கம், உயரத்தில் இருக்கும் பாட்டு மாடியில். ஏற இறங்க ஒடுக்கமான இரும்புப் படி, இருபத்திரண்டு படிகள். வீட்டுக்காரிக்கு இடது முழங்காலில் வலி. ஏறும்போது ஒரு ஸ்தோத்திரம், இறங்கும்போது இரண்டு. படி முடிகிற இடத்தில் ஒரு பக்கக் கதவு உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதன் வழியாக எவனோ புகுந்து இரண்டு மைக்கைத் தூக்கிக்கொண்டு போனான். கோயில் கமிட்டி உடனே கதவைப் பூட்டச் சொன்னது. பூட்டியவர் நம்மாள்தான். கடையில் இருந்ததிலேயே கெட்டியான பூட்டாகப் பார்த்துப் போட்டார். சாவி மணியடிக்கிறவரின் இடுப்பில் தொங்கியது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை நடந்துகொண்டிருக்கும்போது பாட்டு மாடியில் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் வயர் கருகிப் புகை வந்தது. பாடகர்கள் பத்துப் பேரும் இருமிக்கொண்டே படியில் இறங்கினார்கள். கீழே கதவு பூட்டிக் கிடந்தது. மணியடிக்கிறவர் அந்தக் கோடியில் பீடத்துப் பக்கம் நின்றார். நல்லவேளையாக யாரோ மேலே ஓடி பிளக்கைப் பிடுங்கினார்கள். புகை அடங்கிப் பூசை தொடர்ந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்காரி சொன்னார்: "ஏங்க, உங்க பூட்டு நல்ல பூட்டுதாங்க. நானும் தோளால முட்டி முட்டிப் பாத்தேன். அசையவே இல்ல."

குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பாராட்டித்தான் சொன்னார். பூட்டுக்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் போய் நின்றார். "அந்தப் பூட்ட எடுத்துடணும்" என்றார்.

கமிட்டிச் செயலாளர் பேருந்துப் பணிமனையில் நேரம் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிமனையில் வைத்த 'மினிட்டு' என்ற பட்டப்பெயர் கோயில்வரை கூடவே வந்துவிட்டது. அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "போட்டதும் நீர், இப்ப எடுக்கச் சொல்றதும் நீரா? நாளைக்கு மைக்கு போச்சுன்னா நீரா வந்து கத்துவீர்?"

"வெளியிலேருந்து தொறக்காது. உள்ளேருந்து கைய வச்சுத் தள்ளினா தொறக்கும். அப்படி ஒரு தள்ளுக்கம்பி செஞ்சு மாட்டறேன். சாவியே வேணாம்."

"மாட்டும். யாரு அந்தப் பக்கம் போவா? நம்ம சனம் பெரிய வாசல் வழியா வந்தா பெரிய வாசல் வழியாத்தான் போகும். கூரையே விழுந்தாலும் அங்கதான் போய் முட்டும். சின்னப் பசங்கதான் பிரசங்க நேரத்துல உம்ம கம்பியத் தள்ளித் தள்ளி விளையாடுவாங்க."

பேச்சு வளர்ந்தது. முடிவில் மினிட்டு ஒரு கணக்குப் போட்டார். ஓர் ஒத்திகை வைப்பது. முந்நூறு பேரும் மூன்று நிமிஷத்துக்குள் வெளியே வர வேண்டும், பின்பக்கத்து ஆட்கள் பக்கக் கதவு வழியாக வர வேண்டும். நடந்தால் தள்ளுக்கம்பி நிற்கும். நடக்காவிட்டால் பழைய பூட்டு திரும்ப ஏறும். இரண்டு தடவை பார்க்கலாம், மூன்றாவது கிடையாது. கோயில் பாதுகாப்புப் பொறுப்பையும் பூட்டுக்காரர் தலையிலேயே கட்டினார்கள்.

அவரும் சளைக்கவில்லை. பழைய குழாயில் தள்ளுக்கம்பி செய்து, முனை கையைக் கிழிக்காமல் அரம் போட்டு மாட்டினார். பக்கக் கதவை மறித்துக் கிடந்த உடைந்த பெஞ்சுகளை அகற்றினார். இருமினாலே சாய்ந்துவிடுகிற பழைய மெழுகுவத்தித் தட்டைத் திரைச்சீலையிலிருந்து ஆறடி தள்ளி வைத்தார். தீயணைப்பு உருளையைத் தேடினால், பூ ஜாடி வைக்கும் முக்காலியாக மாறியிருந்தது. அதை மீட்டு, புதிதாக நிரப்பி மாட்டினார். வாசலுக்கு இருவராக ஆள் போட்டார். பெரிய வாசலுக்குக் கறிக்கடைக்காரரும் அவர் மச்சானும். அந்த உடம்பு இரண்டையும் தாண்டி யாரும் நெரித்துக்கொண்டு ஓட முடியாது. "இந்த மாசம் என்னைக்காவது ஒரு ஞாயிறு ஒத்திகை நடக்கும், சத்தம் கேட்டா வெளிய வந்துடுங்க" என்று சாமியாரும் அறிவித்துவிட்டார்.

எல்லாம் சரி. சத்தத்துக்கு என்ன செய்வது? பூட்டுக்காரர் யோசித்துச் சாமான் அறையிலிருந்து பழைய கைமணியை எடுத்தார். கோயிலில் அதைவிடச் சத்தமான பொருள் கிடையாது.

அந்த மாதம் மூன்றாம் ஞாயிறு. சாமியார் பிரசங்கத்தின் நடுவே இருந்தார். மினிட்டு வெளியே கடிகாரத்தோடு நின்றார். பூட்டுக்காரர் கோயிலின் பின்னால் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு மணியை ஓங்கி அடித்தார்.

முந்நூறு பேரும் மண்டியிட்டார்கள்.

பூசையில் மணியடித்தால் மண்டியிடுவது என்பது அம்மா இடுப்பில் இருந்த நாளிலிருந்து உடம்பில் ஊறிப்போனது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தூக்கத்திலேயே முழங்காலை மடக்கினார்கள். கறிக்கடைக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு மண்டியிட்டார். மேலே பாட்டு மாடியில் வீட்டுக்காரி, வலிக்கிற முழங்காலோடு மண்டியிட்டார். இன்னொரு தடவை அடித்தார் பூட்டுக்காரர். எல்லோரும் தலையையும் குனிந்துகொண்டார்கள். இதைவிடக் கேவலம், மணியைக் கையில் பிடித்தபடியே அவருடைய முழங்காலும் தானாக மடங்கிவிட்டது.

வெளியே மினிட்டு கடிகாரத்தை அமுக்கி நிறுத்தினார். "மூணு நிமிஷம். ஒரு ஆளு வரல. ஒரு நாய் வந்துச்சு. அது உம்ம கம்பியில தாவிப் பக்கக் கதவு வழியாத்தான் வந்துச்சு, அதையும் எழுதிக்கிறேன்."

ஒரு வாரம் முழுக்க ஊரே சிரித்தது. கடைக்குச் சாவி போட வந்தவன்கூட, "அண்ணே, மணி கிணி அடிச்சிடாதீங்க, கால்ல புதுப் பேன்ட்டு" என்றான். பூட்டுக்காரருக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. இன்னொரு தடவைதான் பாக்கி என்பது மட்டும் உறைத்தது. அதுவும் போனால் வீட்டுக்காரி இருபத்திரண்டு படி இறங்கி மறுபடி அவருடைய பூட்டில்தான் போய் முட்டுவார். விசில் ஊதலாமா என்று யோசித்தார். விசிலை எவன் ஊதினான் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே தவிர எழுந்திருக்க மாட்டார்கள். 'தீ' என்று கத்தினால் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் வீட்டுக்காரி வழக்கமான புலம்பலை ஆரம்பித்தார். "ஒரு வாரமா கஷ்டப்பட்டு நாலு குரல்ல பழகினோம். யாரு கேட்டா? சாமி போய் வாங்கன்னு வாயெடுத்தா போதும், வாரிச் சுருட்டிக்கிட்டு ஓடறாங்க. ரெண்டாவது அடி பாடறப்ப ஒரு மனுசி இல்ல. கடைசிப் பாட்டு நாங்க பெஞ்சுக்குத்தான் பாடறோம்."

பூட்டுக்காரர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"என்னங்க? ஆணி கீணி குத்திடுச்சா?"

"இல்லம்மா. நீ சொன்னத இன்னொரு தடவை சொல்லு."

"இருபத்தேழு வருசமா சொல்றேன், இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சாக்கும்!"

இருவருமாகத் திரும்பிச் சாமியார் வீட்டுக்குப் போனார்கள். பூட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். சாமியார் முகம் சுருங்கியது. "பூசை முடியாம முடிஞ்சுதுன்னு நான் எப்படிப்பா பொய் சொல்றது?"

"முடிஞ்சுதுன்னு சொல்ல வேணாம் சாமி. சமாதானமா போய் வாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அது எப்ப சொன்னாலும் பொய்யில்லையே."

சாமியார் கொஞ்சம் யோசித்தார். "பிரசங்கத்துக்கு நடுவுல சொன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்களா?"

"பிரசங்கத்துக்கு நடுவுலன்னா இன்னும் வேகமா போவாங்க சாமி."

வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மினிட்டுவிடம்கூட நாளைச் சொல்லாமல், அடுத்து வந்த மூன்று ஞாயிறும் கடிகாரத்தோடு வெளியே நிற்க வைத்தார்கள்.

அதில் மூன்றாவது ஞாயிறு, பிரசங்கம் நன்றாகச் சூடு பிடித்து எட்டாவது நிமிஷம். சாமியார் நிறுத்தினார். இரண்டு கையையும் விரித்தார். "சமாதானமாகப் போய் வாருங்கள்" என்றார்.

உடனே பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கியாயிற்று, கைப்பையைத் தோளில் மாட்டியாயிற்று. கறிக்கடைக்காரரும் மச்சானும் பெரிய வாசலில் கையை நீட்டி, "மெதுவா, மெதுவா, பின்பக்கத்து ஆளுங்க அந்தப் பக்கம்" என்று பிரித்து அனுப்பினார்கள். பாட்டு மாடியிலிருந்து பத்துப் பேரும் இறங்கினார்கள். முழங்கால் வலிக்காரி என்பதால் வீட்டுக்காரியை முதலில் விட்டிருந்தார்கள். இரண்டு கையிலும் பாட்டுப் புத்தகம். இடுப்பால் கம்பியில் ஒரு தட்டு தட்டினார். கதவு அகலமாகத் திறந்தது. அவருக்குப் பின்னால் எண்பது தொண்ணூறு பேர் அந்த வழியாகவே வெளியே கொட்டினார்கள்.

"ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு" என்றார் மினிட்டு. நம்ப முடியாமல் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

இனி தலை எண்ணும் வேலை. எண்ணி முடிக்கும்வரை யாரும் முற்றத்தைவிட்டு நகரக்கூடாது என்பது பூட்டுக்காரர் போட்ட விதி. பாடகர்களுக்கோ, சாமியார் போய் வாருங்கள் என்று சொன்னால் கடைசிப் பாட்டைப் பாடித்தான் பழக்கம். படியில் இறங்கும்போதே யாரோ முதல் அடியை எடுத்துவிட்டார்கள். முற்றத்தில் நின்று நான்கு அடியையும் நான்கு குரலில் பாடினார்கள். மினிட்டு விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்ததால் ஒருவராலும் நழுவ முடியவில்லை. மூன்றாவது அடியில் சிலர் கூடச் சேர்ந்தும் பாடினார்கள். பூட்டுக்காரர் பக்கக் கதவில் சாய்ந்து நின்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டின் கடைசி அடியை அவர் கேட்டதே அன்றைக்குத்தான். அவரும் ஓடுகிற கூட்டத்தில் ஒருவர்தானே.

"பதினேழு பேர் குறையுது" என்று வந்தார் மினிட்டு. விசாரித்ததில் அவர்கள் நிஜமாகவே வீட்டுக்குப் போய்விட்டது தெரிந்தது. மற்றவர்களை உள்ளே அழைத்துச் சாமியார் பிரசங்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அன்று மாலை பழைய பூட்டை வீட்டிலிருந்து எடுத்து வந்து மைக் வைக்கும் அலமாரியில் மாட்டினார் பூட்டுக்காரர். மினிட்டு ஆட்டிப் பார்த்து, "நல்ல பூட்டுய்யா" என்றார். பக்கக் கதவில் தள்ளுக்கம்பி நிலைத்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரி காலை நீட்டி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, எதையோ மனசுக்குள் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"ம்?"

"அடுத்த ஒத்திகை எப்ப வைப்பீங்க?"