பம்புசெட் தொட்டியில் மிதந்த டீச்சர்

“அடுத்த தடவை வரும்போது, வீட்டுல நீங்க சாப்பிடுறது, குடிக்கிறது, தேய்க்கிறது எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க மேடம்” என்றார் டாக்டர். மூட்டு நோய்களுக்கென்றே படித்தவர், என்னைவிடப் பத்து வயதாவது சிறிய பெண். அவர் கையில் என் ரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தது.

“நீங்க எழுதிக் குடுத்த மாத்திரையத் தவிர வேற எதுவும் சாப்பிடுறதில்ல டாக்டர்” என்றேன்.

அவர் அறிக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “உங்க கல்லீரல் வேற மாதிரி சொல்லுதே” என்றார்.

எனக்கு முடக்குவாதம் வந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. பசுமலையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். முதலில் விரல் கணுக்கள் வீங்கின, பிறகு மணிக்கட்டு, அதற்குப் பிறகு முழங்கால். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. சேலையில் சேஃப்டி பின் குத்தக்கூட என் கணவரைக் கூப்பிட வேண்டும். அவர் ஒரு பின்னுக்கு மூன்று இடத்தில் குத்துவார், அதில் ஒன்று என் தோளாக இருக்கும். டாக்டர் தந்த மாத்திரைகள் வேலை செய்தன, ஆனால் வலியை முழுசாகத் துடைத்துவிடவில்லை. அந்த மிச்ச வலி வழியாகத்தான் ஊரே எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. ஸ்டாஃப் ரூமில் ஒருவர் ஒரு லேகியம் தந்தார். சர்ச்சில் ஒரு அக்கா, பெருங்குடலைச் சுத்தம் செய்தால் மூட்டு சரியாகும் என்று ஒரு சூரணம் தந்தார். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் விரலைப் பார்த்துவிட்டு, இறங்குவதற்குள் இரண்டு வைத்தியம் சொன்னார். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், பாதியைச் சாப்பிட்டேன், எல்லாவற்றையும் கணவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன். அவர் திட்டுவார் என்று பயம்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருநகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ஒரு பெரிய கட்டைப் பையை விரித்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தது, பாதிரியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் போலத்தான் இருந்தது. அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து இரண்டு பாட்டில். பழைய பாடப் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து ஒரு டப்பா. தையல் மெஷின் டிராயரிலிருந்து, கறுப்பாக உருட்டிய மாத்திரைகள் ஒரு பொட்டலம். கணவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இம்புட்டா?” என்றார்.

“திட்டாதீங்க” என்றேன்.

அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணில் இருந்த பழைய இட்லிக் குண்டானுக்குள் கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பொடி.

“இது என்னங்க?”

“சிம்மக்கல்லுல ஒருத்தர் குடுத்தாரு. ஒனக்குத்தான்.”

“நான் இதச் சாப்பிட்டதே இல்லையே.”

“சாப்பிட்டிருக்க” என்றார் அவர், ஸ்டூலில் நின்றபடியே. “ரெண்டு மாசமா. காலையில கேப்பக் கஞ்சியில கலந்து குடுத்தேன். சொன்னா நீ வேணாம்ப. நீ டாக்டர் சொல்றதத் தவிர வேற எதையும் தொட மாட்டியே.”

நான் அவரைப் பார்த்தேன். என்னைச் சுற்றித் தரையில் பதினான்கு பாட்டில்களும் டப்பாக்களும் இருந்தன.

“அதான் கசந்துச்சா? கேப்ப மாவு கெட்டுப்போச்சுன்னு நெனச்சு நான் மில்லுக்காரர்ட்ட சண்ட போட்டேங்க!”

“தெரியும்” என்றார். “நானுந்தானே கூட வந்து சண்ட போட்டேன்.”

யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அடுத்த சிக்கல் புரிந்தது: என் முழங்காலுக்கு நான் எழுந்திருக்க முடியாது, அவருடைய முதுகுக்கு அவரால் என்னைத் தூக்க முடியாது. ஒருவரை ஒருவர் பிடித்து எழ முயன்று, சரிந்து, மறுபடி சிரித்து, கடைசியில் தவழ்ந்து போய் கேஸ் மேடையைப் பிடித்துத்தான் எழுந்தோம்.

மறுநாள் டாக்டர் எங்கள் பையை மேஜையில் கவிழ்த்தார். உதவிக்கு நின்ற நர்ஸம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ போனை எடுத்து, “அண்ணே, அஞ்சு நிமிஷம் இருக்கா?” என்று யாரையோ வீடியோவில் கூப்பிட்டார். அந்த அண்ணன் ஒரு சித்த மருத்துவர். முறையாகப் படித்தவர், வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். இருவரும் சேர்ந்து சில நோயாளிகளைப் பார்ப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேமரா முன் காட்டினார். மறுமுனையில் தீர்ப்பு வந்துகொண்டே இருந்தது.

“இது வெறும் சுக்கு, மல்லி. காப்பிக்குப் பதிலாக் குடிக்கட்டும், தப்பில்ல.”

“இதுல பேரு இல்ல, லைசென்ஸ் நம்பர் இல்ல. வேணாம்.”

“இது நல்ல மருந்துதான். ஆனா உங்க மாத்திரையோட சேந்தா ரெண்டும் கல்லீரலுக்கு வேல வைக்கும். இப்ப வேணாம்.”

பிறகு என் நாத்தனார் பாசத்தோடு கொடுத்தனுப்பிய பச்சை டப்பாவைக் காட்டினார் டாக்டர். நான் அதை மூன்று மாதமாக மணிக்கட்டில் தேய்த்து வந்தேன்.

“அந்த லேபிளைக் கொஞ்சம் கிட்டக்கக் காட்டும்மா” என்றார் சித்த மருத்துவர். பிறகு, “டீச்சர், இது பசுமாட்டு மடி வீக்கத்துக்குப் போடுறது” என்றார்.

நர்ஸம்மா வெளியே ஓடிவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. என் கணவர் மட்டும் ரொம்ப அக்கறையாக, “வீக்கம் கொஞ்சம் கொறஞ்ச மாதிரிதான் இருந்துச்சு டாக்டர்” என்றார்.

சாம்பல் பொடிக்கு வந்தபோது இருவர் முகமும் மாறிவிட்டது. அதைச் சாப்பிட்ட முதல் இரண்டு வாரம் எனக்கு உடம்பு இறகு போல இருந்ததா, பசி அள்ளியதா, முகம் கொஞ்சம் உப்பியதா என்று மாறி மாறிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். “பேரில்லாத பொடியில ஸ்டீராய்டு கலக்குறது உண்டு மேடம். இதுலயும் இருக்கும்னு சந்தேகப்படுறேன்” என்றார் டாக்டர். “பட்டுனு நிறுத்துனா உடம்பு தடுமாறும். நான் ஒரு மாத்திரை தாரேன், கொஞ்சங் கொஞ்சமா எறக்கிருவோம்.” கணவரின் முகம் சுருங்கிப் போயிற்று. நான் மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் வலித்தது. ஆனாலும் விடவில்லை.

பிறகு ஒரே ஒரு தாளில் எல்லாம் எழுதப்பட்டது. டாக்டரின் மாத்திரை அப்படியே தொடரும். சித்த மருத்துவர் மேலுக்குத் தேய்க்க ஒரு தைலம் மட்டும் தருவார். தூக்கம், சாப்பாடு, உடற்பயிற்சி. யார் எதைக் கொடுத்தாலும் இந்தத் தாளில் ஏறாமல் வாயில் போகக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நின்று மூட்டுகளை அசைப்பது நல்லது என்று அந்த ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபி பெண் சொன்னாள்.

கடைசியாகச் சித்த மருத்துவர் போனில் கேட்டார்: “டீச்சர், நோய் வந்ததுக்கு அப்புறம் சந்தோஷமா எதாவது செய்றீங்களா?”

நான் யோசித்தேன். “கணக்கு நோட்டு திருத்துவேன்” என்றேன்.

“அது சரிப்படாது” என்றார்.

வெந்நீர்த் தொட்டிக்கு எங்கே போவது? இதைப் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அலுவலகத்தில் டைப் செய்யும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் குடும்பத்தில் முந்தைய தலைமுறை வரை அடுத்தவர் வயலில்தான் வேலை செய்தார்கள். இப்போது திருமங்கலம் தாண்டி அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு தோட்டம், கிணறு, போர்வெல் எல்லாம் இருந்தன.

“டீச்சர், போர்த் தண்ணி காலையில வெதுவெதுன்னு வரும். தொட்டி இடுப்பளவு. எங்க அத்தைக்கும் முழங்கால் வலி. சனிக்கிழம வாங்க, ரெண்டு பேரையும் ஒண்ணா எறக்கிருவோம்” என்றாள்.

போனோம். நான், கணவர், பிசியோதெரபி பெண். தொட்டியைப் பார்த்ததும் எனக்குக் கூச்சம் பிடுங்கியது. நாற்பத்தெட்டு வயது, ஒரு நைட்டி, அதற்கு மேல் ஒரு துண்டு. எதிரே கத்திரி வயல், வரப்பில் நாலைந்து ஆடுகள். கணவர் வேப்ப மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் பேப்பரை விரித்துக்கொண்டார். டைப் செய்யும் பெண்ணின் மாமியார் எனக்கு முன்னாலேயே இறங்கி, கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

“எறங்கு தாயி. ஆடுக யார்ட்டயும் சொல்லாது” என்றார்.

இறங்கினேன். இறங்கிய வேகத்தில் நைட்டிக்குள் காற்றுப் புகுந்து அது என்னைச் சுற்றி ஒரு கூடாரம் போல எழும்பியது. நான் அமுக்கினேன், அது முன்னால் அமுங்கிப் பின்னால் எழும்பியது. மாமியார் பின்னால் அமுக்கினார், அது பக்கவாட்டில் எழும்பியது. பிசியோதெரபி பெண் ரொம்பத் தொழில்முறையாக, “மேம், ரிலாக்ஸ், ஷோல்டரை லூசா விடுங்க” என்று சொல்லிக்கொண்டே தொட்டி விளிம்பில் சிரிப்பில் குலுங்கினாள்.

அப்புறம் அவள் உள்ளே இறங்கி, என் தலைக்கு அடியில் ஒரு கையையும் முதுகுக்கு அடியில் ஒரு கையையும் கொடுத்து, “காலைத் தூக்குங்க” என்றாள். தூக்கினேன். தண்ணீர் என்னை வாங்கிக்கொண்டது.

எனக்கு நீச்சல் தெரியாது. மிதந்ததும் இல்லை. காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் மோட்டார் சத்தம் எங்கோ தூரத்து ஹம்மிங் போல ஆனது. மேலே வெள்ளை வெயில். விரல்களைத் தேடினேன். மணிக்கட்டைத் தேடினேன். முழங்காலைத் தேடினேன். ஐந்து வருடமாக ஒவ்வொரு நிமிடமும் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே இருந்த ஒவ்வொரு மூட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. என் உடம்புக்கு எடையே இல்லை. அது எனக்கு எவ்வளவு அதிர்ச்சியாக இருந்தது என்றால், நான் என்னையறியாமல் தொண்டை கிழியக் கத்திவிட்டேன்.

“ஆண்டவரே!”

மரத்தடியில் கணவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கிறது. பேப்பர் பறந்தது. மனிதர் வயலைத் தாண்டி ஓடி வந்து, ஷூவோடு, சட்டைப் பையில் இருந்த போனோடு, இடுப்பளவுத் தொட்டிக்குள் குதித்தார். குதித்த குதியில் தண்ணீர் வெளியே அடித்து, ஆடுகள் நாலு பக்கமும் சிதறின.

“பயப்படாத! புடிச்சிட்டேன்!” என்று அவர் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“நா நல்லாத்தான் இருக்கேன் தம்பி” என்றார் மாமியார். “ஒம் பொண்டாட்டி அங்கிட்டு மெதக்குது பாரு.”

அதற்குப் பிறகு அன்றைக்கு அந்தத் தொட்டியில் உடற்பயிற்சி எதுவும் நடக்கவில்லை. நடக்க முடியவில்லை. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பிப்பார். கணவர் போனை எடுத்து, சார்ஜர் சொருகும் ஓட்டையிலிருந்து தண்ணீரைக் கவிழ்த்தபோது மாமியாருக்குச் சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது. நான் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மூன்று மாதம் கழித்து என் கல்லீரல் எண்கள் இறங்கிவிட்டன. பொடியையும் அதற்குப் பதிலாகத் தந்த மாத்திரையையும் முழுசாக விட்டாயிற்று. மூட்டுக்கு டாக்டர் முதலிலேயே தந்த வாராந்திர மாத்திரை தொடர்கிறது. அதை என்னால் விட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நானும் கேட்டுக்கொண்டேன். நோய் போய்விடவில்லை. மழைக்காலத்தில் ஒரு வாரம் கை இரண்டும் பன் மாதிரி வீங்கி, தொட்டிக்குள் இறங்கவே முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை என்னை விளிம்பில் உட்கார வைத்து, மாமியார் செம்பில் மொண்டு மொண்டு என் கை மேல் ஊற்றிக்கொண்டே, மருமகளைப் பற்றி மருமகளிடமே புகார் சொல்லிக்கொண்டிருந்தார். வலித்தது. வலித்துக்கொண்டிருக்கும்போதே சிரிக்கவும் முடிகிறது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன்.

மூட்டு வலிக்காரர்கள் சிலர் புதிதாகச் சேர்ந்து, இப்போது சனிக்கிழமைகளில் தொட்டியில் நாங்கள் ஆறு பேர். கணவர் தன் முதுகுக்காக என்று சொல்லிக்கொண்டு லுங்கியோடு இறங்குகிறார். அவருக்கு இன்னும் மிதக்க வரவில்லை. கால் மேலே வந்தால் தலை கீழே போகிறது. போன வாரம் ஒருவழியாக மூன்று எண்ணும் வரை மிதந்தார். எண்ணியது மாமியார், அதனால் அந்த மூன்று ரொம்ப வேகமான மூன்று. ஆனாலும் அவர் எழுந்து நின்று, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல், எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“பாத்தீங்களா?” என்றார். பிறகு, யாரும் பதில் சொல்வதற்குள், “இன்னொரு தடவ” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மல்லாந்தார்.