கடல்நாய்க் குட்டியும் என் சால்வையும்

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது ஜெர்மனியில் சட்டம். நல்லவேளை, வடகடல் தீவு ஒன்று எங்கள் எல்லைக்குள் இருந்தது. முகாமுக்கு உடுப்புக் கொண்டுவரும் தீவுக்கார அம்மா ஒருவர், என்னையும் கணவரையும் ஒரு நாள் தன் வீட்டுக்கு அழைத்தார்.

அவர் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்த நேரத்தில் நாங்கள் கடற்கரைக்கு இறங்கினோம். வற்றிய கடலின் ஈர மணலில் ஒரு கடல்நாய்க் குட்டி தனியே கிடந்து அழுதது. அச்சு அசல் கைக்குழந்தையின் அழுகை. அழுகிற பிள்ளையைத் தூக்காமல் கடந்து போகிற பழக்கம் எங்களிடம் இல்லை, அது யார் பெற்றதாக இருந்தால் என்ன.

"தொடாதையும், கடிச்சுப்போடும்" என்றார் கணவர்.

"இஞ்சேருங்கோ, தாயில்லாத பிள்ளை. பாத்துக்கொண்டு நிக்க ஏலாது."

சால்வையால் சுற்றி மடியில் வைத்துத் தலையைத் தடவினேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளை யாழ்ப்பாணத்தில் அக்காவிடம் விட்டுவந்து இரண்டு வருடமாகியிருந்தது. 'இப்ப என்னைத்தான் அம்மா எண்டு கூப்பிடுறாள்' என்று அக்கா எழுதியிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீவுக்கார அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து ஏசினார். எனக்கு ஜெர்மன் அரைகுறை, ஆனாலும் ஏச்சு நன்றாகவே விளங்கியது. தாய் இரை தேடிப் போயிருக்கிறது, கடல் ஏறும்போது வரும், மோந்து பார்த்துத்தான் குட்டியைச் சேர்க்கும், இப்போது அதில் உன் வாசம் அல்லவா இருக்கிறது என்றார். சால்வையை உருவி எடுத்தேன். குட்டியை இறக்கிவிட்டு மூவரும் வீட்டுக்கு நடந்தோம்.

கற்கண்டின் மேல் தேநீரை ஊற்றி, கலக்காமல் குடிப்பது அந்தத் தீவு வழக்கம். மூன்று கோப்பைக்கு முன் எழும்பினால் மரியாதையில்லை. எழும்பும் எண்ணம் எனக்கும் இல்லை. அந்த அம்மாவிடம் தொலைநோக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது கோப்பை ஆறிக்கொண்டிருந்தபோது நீரில் ஒரு தலை தெரிந்தது. தாய் கரையேறி வந்து குட்டியை மோந்தது. பின்வாங்கியது. திரும்ப வந்து, கழுத்தடியில் நெடுநேரம் மோந்தது. தொலைநோக்கியை ஜன்னல் சட்டத்தில் ஊன்றிப் பிடித்தேன். பிறகு அது சரிந்து படுத்தது. குட்டி பால் குடித்தது.

"இப்ப நிம்மதிதானே உமக்கு?" என்றார் கணவர்.

"ஓம்" என்றேன். அழுகையும் வந்தது. என் பிள்ளையின் மேல் இப்போது அக்காவின் வாசம்தான் இருக்கும். இருக்கட்டும். என் பிள்ளையை எனக்குத் தெரியும்.