வேலிக்கு இரண்டு பக்கமும் பெயார்ஸ்

எட்மண்டனில் என்னைப்போல் பெயார்ஸ் மரம், அதுதான் பேரிக்காய் மரம், வளர்க்கத் தெரிந்த தமிழன் இல்லை. பச்சைப் பொய். மரத்தை வாங்கியதும் நட்டதும் மனுசி. நான் குழி வெட்டினேன், அதுவும் பிழையான இடத்தில். அவள் திரும்ப வெட்டினாள்.

எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்தோம். இரண்டு பேருக்கும் கவலையில்லை. ஆனால் மீன் கழுவின தண்ணி ஊற்றினால் முருங்கை தளதளவென்று வரும் என்று தெரியும். பெயார்ஸுக்கும் கிழமைக்கு மூன்று தரம் ஊற்றினேன். கொப்புகள் முழ நீளத்துக்கு எழும்பின.

ஆனி மாதம் குருத்துகள் கருகி, நுனி தூண்டில்போல் வளைந்தன. கண்ணூறு என்று முடிவுகட்டி, செத்தல் மிளகாயால் மரத்தைச் சுற்றி எரித்தேன். நான்தான் இருமினேன். பிறகு கைவாளால் கருகியதை வெட்டினேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரி, தன் பெயார்ஸிலும் ஒரு கொப்பு காய்ந்துவிட்டது, வெட்டித் தருவாயா என்று கேட்டாள். அவளின் மனுசனுடைய சாம்பல் அந்த மரத்தடியில்தான் இருக்கிறது. நாங்கள் என்றால் கடலில் கரைப்போம். அவள் வேரில் போட்டுவிட்டு, தினமும் தேத்தண்ணியோடு பக்கத்தில் கதிரை போட்டு இருப்பாள். நான் பெரிய தோட்டக்காரன் மாதிரி அதே வாளோடு ஏறினேன்.

மூன்று கிழமையில் அவளுடைய மரமும் கருகத் தொடங்கியது. செடி விற்கும் கடைக்காரன் போனில் படத்தைப் பார்த்தான். இது தொற்றுநோய், பசளை கூடிய இளங்குருத்தைத்தான் முதலில் பிடிக்கும், வெட்டிய வாளைக் கழுவினாயா என்றான். நான் மீனைக் கழுவியவன், வாளைக் கழுவவில்லை.

அவளோ வெயில்தான் காரணம் என்று நினைத்துத் தண்ணி ஊற்றுகிறாள். எனக்கு நன்றி சொல்லிக் கேக் தந்தாள். தின்றேன்.

"தின்ன வாய் இருக்கு, சொல்ல வாய் இல்லையோ?" என்றாள் மனுசி.

"நாளைக்குச் சொல்லுறன்."

"நாளைக்கு நாளைக்கு எண்டு அது அடிமரத்துக்கு இறங்கிடும். இப்ப ஒழுங்கா வெட்டினா அந்த மரமாவது தப்பும்."

இன்று காலை சட்டை மாற்றி, வேலியைச் சுற்றி அவளுடைய மரத்தடிக்குப் போனேன். உன் மரம் என்று தொடங்கினேன். அவள் சிரித்துக்கொண்டே தன் கதிரையை எனக்குத் தள்ளினாள். நான் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏனென்றால், அந்தக் கதிரையில் இருந்தபோது என் காலுக்குக் கீழே...

"இஞ்சாருங்கோ," குசினியிலிருந்து மனுசி கூப்பிடுகிறாள். "அவ ஏணி வைக்கிறா. மிச்சத்தைத் தானே வெட்டப்போறாவாம். நீங்கள் வாறீங்களோ, நான் போய்ச் சொல்லட்டோ?"

"நில்லும். நான்தான் சொல்லோணும். வாறன்."