மஞ்சள் சேலையும் சாம்பல் நிறப் பாட்டும்

எங்கள் வாவியில் எடுக்கப்படும் பாட்டு வீடியோக்களில் வெயிலே அடிப்பதில்லை. இங்கே காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் ஃபோனைத் திறந்தால் ஊர் முழுக்க மப்பு மந்தாரம். தண்ணீர் சாம்பல், கண்டல் மரம் சாம்பல், மனிதர்களின் முகமும் சாம்பல். யாராவது ஒருவர் கிட்டாரோடு கரையில் நின்று எங்கோ பார்ப்பார். கமராவை மட்டும் பார்க்க மாட்டார். ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடக்கும். ஒரு குழந்தை வெறுங்காலோடு மெதுவாக, மிக மெதுவாக ஓடும். ஏன் ஓடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைசியில் ஒரு ட்ரோன் மேலே கிளம்பி எங்களையெல்லாம் எறும்பாக்கிவிட்டுப் போகும். சுயாதீனக் கலைஞர்களாம். யாருடைய சொல்லையும் கேட்காதவர்களாம். பிறகு எப்படி எல்லாருக்கும் ஒரே சாம்பல் கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த எரிச்சல் சும்மா வந்ததில்லை. நானும் அப்படி ஒரு பாட்டில் நடந்திருக்கிறேன்.

நான் பனிச்சங்கேணியில் பாலர் பள்ளி ஆசிரியை. சுனாமியில் எங்கள் அப்பாவைக் கடல் எடுத்தது, பிறகு உடலைத் திருப்பித் தந்தது. அடக்கம் செய்தோம். அம்மா வெள்ளை உடுத்தார். அழுதோம், ஆனால் அந்தச் சாவில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. என் கணவரின் கதை அப்படியல்ல. யுத்தம் முடிகிற காலத்தில் வலை நூல் வாங்க வாழைச்சேனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. யார் மறித்தார்கள், எந்த வாகனத்தில் ஏற்றினார்கள் என்று கண்டவர்களும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. போன இடமெல்லாம் ஒரே பேச்சு: மரணச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள், உதவி கிடைக்கும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்ததை யார் கண்டது? நான் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, வெள்ளையைத் தொடவில்லை. ஊர் என்னவெல்லாமோ சொல்லிற்று. சொல்லட்டும்.

சண்டை ஓய்ந்து சில வருடங்கள் போன பின் அந்தத் தம்பி வந்தான். பாட்டுக்கு வீடியோ எடுக்கிறவன், புளியந்தீவுப் பையன். வெளிநாட்டில் வளர்ந்தவன் என்றால்கூட மன்னித்திருப்பேன். கடற்கரையில் அப்பாவின் வீட்டில் சுனாமிக்கு மிஞ்சி நின்ற ஒற்றைச் சுவரைப் படமெடுக்க வந்தவன், விசாரித்து என்னிடமும் வந்து சேர்ந்தான்.

“காணாமப் போன ஆக்களப் பத்தின பாட்டு அக்கா. நீங்க வாவிப் பாலத்தடியில சும்மா நடந்தாப் போதும். உலகமெல்லாம் பாப்பாங்க.”

அந்தக் கடைசிச் சொல்லில்தான் விழுந்தேன். அவர் எங்கேயாவது இருந்தால், யாருடைய ஃபோனிலாவது என் முகத்தைக் காண்பார். வேறு எந்த ஆசையும் எனக்கு இருக்கவில்லை.

படமெடுக்கிற அன்று அவன் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து நீட்டினான். கையைத் தட்டிவிட்டேன்.

“உனக்கென்ன விசரா தம்பி? என்ர புருசன் செத்துப் போனார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“கோவிக்காதீங்க அக்கா. வெள்ளையெண்டா கமராவுக்கு நல்லாயிருக்கும், அதுதான்.”

“நான் என்ர மஞ்சள் சாறிதான் உடுப்பன். இல்லாட்டி வேற ஆளப் பாரு.”

“சரி சரி, மஞ்சளே உடுங்க. பிரச்சினையில்ல.”

எவ்வளவு இலகுவாக ஒத்துக்கொண்டான்! நல்ல பிள்ளை என்று நினைத்தேன். சுனாமி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு என் கணவர் வாங்கித் தந்த முதல் சேலை அது. கண்டால் அடையாளம் தெரியும். பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு போனேன். நடக்கச் சொன்னான், நடந்தேன். தண்ணீரைத் தொடச் சொன்னான், தொட்டேன். முடியை அவிழ்த்துவிடச் சொன்னான், மாட்டேன் என்றேன். நான் கமராவைப் பார்த்தபோதெல்லாம், “பாக்காதீங்க அக்கா, அங்கால பாருங்க” என்றான். பார்க்காவிட்டால் அவர் எப்படி என் முகத்தைக் காண்பார்?

பாட்டு வெளிவந்தபோது முதலில் பார்த்தது நானல்ல, மாமி. என் கணவரின் தாய். வாழைச்சேனையில் மகள் வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளை ஃபோனில் காட்டியிருக்கிறது. அடுத்த பஸ்ஸிலேயே வந்து, எங்கள் வாசல் படலையடியில் நெஞ்சில் அடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

“எனக்கொரு சொல்லுச் சொல்லாம வெள்ளை உடுத்திட்டியே! என்ர புள்ளையை எங்க கண்டெடுத்தாங்க? உனக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லன்!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபோனை எடுத்துத் தேடிப் பார்த்தேன். பாலமும் வாவியும் கறுப்பு வெள்ளை. நடுவில் நான், வெள்ளை வெளேரென்ற சேலையில், ஒரு விதவை, மெதுவாக, மெதுவாக நடந்துகொண்டிருந்தேன். பொட்டு இருந்த இடத்தில் ஏதோ நிழல்.

அலுமாரியைத் திறந்து சேலையை இழுத்தெடுத்து மாமியின் மடியில் போட்டேன்.

“பாருங்க மாமி, மஞ்சள். அண்டைக்கு உடுத்தது இதுதான்.”

மாமி சேலையைத் தடவினார். ஃபோனைப் பார்த்தார். மறுபடியும் சேலையைத் தடவினார்.

“என்னைத் தேத்திறதுக்காகப் பொய் சொல்றாய் புள்ள” என்றார். நான் கையைப் பிடித்தும் நிற்காமல் அழுதபடி பஸ் ஏறிப் போய்விட்டார்.

உடனே அந்தத் தம்பிக்கு ஃபோன் எடுத்தேன். “என்ர சாறிய என்ன செஞ்சாய்?”

“அது கலர் கிரேடிங் அக்கா. நிறத்த எடுத்தா மஞ்சள் வெள்ளையாத்தான் தெரியும்.”

“அண்டைக்கு நான் மஞ்சள் உடுக்கக்குள்ளயே உனக்கு இது தெரியுமா?”

“ஓம் அக்கா. இப்பிடியான பாட்டுக்கு நிறம் சரிவராது. சோகம் விளங்காது.”

சோகம் விளங்காதாம்! பொட்டும் மஞ்சள் சேலையுமாக ஒருத்தி வருடக்கணக்கில் புருஷனைத் தேடி அலைகிறாள், அதில் இவனுக்குச் சோகம் போதவில்லை. அலுவலகத்தில் இருந்தவர்களாவது என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. இவன் கேட்காமலே என் தாலியை அறுத்து உலகத்துக்குக் காட்டிவிட்டான். அவர் எங்கேயாவது இருந்து பார்த்தால், நான் அவரைச் செத்தவராக்கிவிட்டேன் என்றல்லவா நினைப்பார்? வாயில் வந்தபடி ஏசினேன். பாலர் பள்ளி ஆசிரியை பேசக்கூடாத சொற்களெல்லாம் வந்தன. திருத்தித் தருகிறேன் என்றான்.

திருத்தினான். சில வாரங்கள் கழித்துப் புது வீடியோ வந்தது. எல்லாம் பழையபடி சாம்பல், என் சேலை மட்டும் பளிச்சென்ற மஞ்சள். “முந்தினத விட இதுதான் நல்லா வந்திருக்கு அக்கா, தாங்க்ஸ்” என்று குரல் செய்தி வேறு. கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள், மஞ்சள் நம்பிக்கையின் குறியீடாம். எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. ஆனாலும் மாமிக்குக் காட்ட ஒன்று கிடைத்ததே என்று வாழைச்சேனைக்கு ஓடினேன்.

உள்ளே கால் வைத்ததுமே கண்டுவிட்டேன். சுவரில் என் கணவரின் படம். அதற்கு மாலை. முன்னால் விளக்கு.

மாமியின் மகள், என் மச்சாள், என்னைக் குசினி அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். “எவ்வளவோ சொன்னம், அம்மா கேக்கல்ல மச்சாள். ஐயரைக் கூப்பிட்டுச் செய்யவேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. உங்களுக்குச் சொன்னா சண்டைக்கு வருவீங்க எண்டு சொல்லல்ல. அதுக்குப் பிறகுதான் அம்மா நித்திரை கொள்றா. அண்ணா போன நாளில இருந்து இண்டைக்கு வரைக்கும் இப்பிடி நித்திரை கொண்டதே இல்ல.”

ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், மாலைக்குள்ளிருந்து. என்னால் முடியவில்லை. மாமியின் பக்கத்தில் குந்தி வீடியோவைப் போட்டேன். மாமி கடைசிவரை பார்த்தார். திரையில் மஞ்சளை விரலால் தொட்டார்.

“அப்ப அவன் சாகல்லையா?”

“தெரியாது மாமி.”

“மாலையக் கழட்டட்டா புள்ள?”

ஒருவன் நிறத்தை எடுத்தான், இந்த வீட்டில் ஒரு பிள்ளை செத்தது. நிறத்தைப் போட்டான், செத்தவன் சாகவில்லையாம். இனி நான் சொல்ல வேண்டுமாம்.

“கழட்டுங்க” என்றேன். மச்சாள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறிக் கழற்றினாள்.

அன்றிலிருந்து மாமிக்கு மறுபடியும் நித்திரை இல்லை. அந்தத் தம்பிக்கு நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மாமியையும் வாவிக்கரையில் நடக்கவைத்துப் படமெடுப்பான்.