பின்வளவால் வந்த ஆறு

ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் வீடு வாங்குவதென்றால் முதலில் வங்கிக்குப் போவார்கள், அடுத்ததாக எனக்கு ஃபோன் எடுப்பார்கள். விற்கிற வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து காட்டுவதை இங்கே விஸ்னிங் என்பார்கள். மற்றவர்கள் சப்பாத்துக்கு மேல் நீல உறையை மாட்டிக்கொண்டு குசினியின் பளபளப்பைப் பார்த்து மயங்கி நிற்க, நான் நேரே நிலத்தடி அறைக்கு இறங்கிவிடுவேன். மூலைக்குள் மூக்கை வைத்து மணப்பேன். சுவரைத் தட்டிப் பார்ப்பேன். மேலே ஏறி வந்து தலையை ஆட்டினால் வாங்குவார்கள், ஆட்டாவிட்டால் காருக்குத் திரும்பிவிடுவார்கள். ஹொல்ம்லியாவிலும் லில்லெஸ்ட்ரோமிலும் என் தலையாட்டலில் வாங்கிய வீடு ஒன்றுகூடப் பிழையாய்ப் போனதில்லை.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நோர்வேக்கு வந்து வடக்கே மீன் ஆலையில் கை விறைக்க நின்றேன். பிறகு ஒஸ்லோவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தேன். அந்தத் துடைப்பத்தையே கொம்பனியாக்கினேன். இன்றைக்கு என் வான் வண்டிகள் இந்த நகரமெங்கும் ஓடுகின்றன. கணக்குப் பார்க்கிறவன் பல்கலைக்கழகம் படித்தவன், ஆனால் ஒவ்வொரு முடிவுக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

என் மகள் கல்யாணம் கட்டி அமெரிக்காவில் ஒரு சின்ன ஆற்றங்கரை நகரத்துக்குப் போனாள். மருமகன் தானியம் ஏற்றி இறக்கும் கொம்பனி ஒன்றில் பொறியியலாளர். அவர்கள் வீடு வாங்கப்போகிறோம் என்று சொன்னதும், "நான் பார்க்காமல் வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். ஃபோனிலே காட்டட்டும், இங்கிருந்தே பார்க்கிறேன்.

வீட்டுக்கு முதல் ஊரைப் பார்க்க வேண்டும். அந்த ஊரைப் பற்றி இணையத்தில் இருந்ததை எல்லாம் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆதியில் அது ஊரே இல்லையாம். ஆற்றில் போகிற நீராவிப் படகுகளுக்கு விறகு விற்ற ஒரு துறை. பிறகு வடக்கே வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்கவிட, அதை அறுக்க அரிவு ஆலைகள் வந்தன. காடு முடிந்ததும் ஆலைகள் படுத்தன. அடுத்து ஆற்றுச் சிப்பியை வெட்டிச் சட்டைப் பொத்தான் செய்தார்கள். பிளாஸ்ரிக் பொத்தான் வந்து அதையும் படுக்கப் போட்டது. இப்போது தானியப் படகுகள். தொழில் மாற மாற ஊர் சாகாமல் நின்றிருக்கிறது. என் ஆள், என் சாதி ஊர் என்று நினைத்தேன். போதாததற்கு, ஆற்றோரத்து மேட்டில் அந்தக் காலத்தில் நோர்வேயில் இருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் கட்டிய ஒரு மரத் தேவாலயமும் இருந்தது.

இரண்டு வீடுகள் காட்டினாள். ஒன்று அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்தில், மேட்டின் விளிம்பில், பழைய மர வீடு. கீழே நேராக ஆறு. மற்றது புதிய வீடு. மேட்டைக் கடந்து, முன்பு சோளக்காணியாக இருந்த சமவெளியில், ஆற்றில் இருந்து நல்ல தூரம். பின்வளவின் கடைசியில் ஒரு சின்ன ஓடை, மேட்டுக்கு வர அதன் மேல் ஒரு பாலம்.

நான் வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஆறு இங்கே, பழைய வீடு அதோடு ஒட்டி. புதிய வீடு எவ்வளவோ தள்ளி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"பழைய வீடு வேண்டாம் பிள்ளை. ஆத்துக்குப் பக்கத்திலை ஆரும் குடியிருப்பினமோ?"

"அப்பா, அது நல்ல உயரத்திலை இருக்கு."

"உயரத்தைப் பாத்தே தண்ணி வரும்? பக்கமோ தூரமோ எண்டு பார்."

மனைவி பின்னால் நின்று, "இருக்கப்போறது அவள்தானே, அவள் விரும்பினதை வாங்கட்டுமன்" என்றாள்.

"நீர் சும்மா இரும்" என்றேன்.

நான் பிறந்தது தொண்டைமானாற்றுப் பக்கம். பெயரில்தான் ஆறு. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறும் இல்லை, மலையும் இல்லை. தண்ணீர் என்றால் கடல். கடலுக்குப் பயந்தால் தள்ளிப் போய் வீடு கட்டுவோம், மேலே ஏற எங்களுக்கு மேடு ஏது? அந்தக் கண்ணோடுதான் அந்த வரைபடத்தைப் பார்த்தேன். வரைபடமும் தூரத்தைக் காட்டியதே தவிர உயரத்தைக் காட்டவில்லை. அவர்கள் சமவெளி வீட்டையே வாங்கினார்கள்.

இந்த வசந்தத்தில் அங்கே வடக்கில் பனி ஒரேயடியாகக் கரைந்து ஆறு ஏறத் தொடங்கியது. மகளுக்கு எட்டு மாதம். மருமகன் வேலை விஷயமாக வேறு மாநிலத்தில். அந்த ஊரின் முன்வீதியில் ஆற்றைக் காட்டும் கமெரா ஒன்று உண்டு. காலையில் எழும்பியதும் இணையத்தில் அதைத்தான் பார்ப்பேன். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரை மதிலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும். "ஆறு தன்ரை பாட்டிலை ஓடுது, என்ரை பிள்ளை தன்ரை பாட்டிலை இருக்கிறாள்" என்று கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் மகள் ஃபோன் எடுத்தாள். அங்கே அப்போது காலை. மனைவி அடுப்படியில் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோகச் சரக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். மல்லியும் மிளகும் வீடெல்லாம் மணத்தது.

"அப்பா, பக்கத்து வீட்டு மனிசி வந்து நிக்கிறா. இப்பவே வெளிக்கிடட்டாம். மேலை, ஆத்தங்கரைச் சேர்ச்சுக்குப் போவமாம்."

"ஆத்தங்கரைக்கோ? வெள்ளத்துக்குப் பயந்து ஆத்தங்கரைக்குப் போறதோ? அவவுக்கு வயசு போய் மூளை குழம்பிட்டுது."

"அவ இஞ்சத்தைப் பள்ளிக்கூடத்திலை சரித்திரம் படிப்பிச்சவ அப்பா."

"ஆறென்ன சரித்திரம் படிச்சுப்போட்டே வரும்? நான் இப்பதான் கமெராவிலை பாத்தனான், மதிலுக்கு எவ்வளவோ கீழை நிக்குது. நீ வீட்டிலை இரு. போகத்தான் வேணுமெண்டா ஆத்துக்கு எதிர்ப்பக்கம், சோளக்காணி ரோட்டாலை ஓடு."

சின்ன வயதில் இருந்தே அவள், நான் இடம் என்றால் வலம் போகிற பிள்ளை. நோர்வேயில் பிறந்தது, "அப்பா, ஸ்லாப் ஆவ்" என்று என்னை அடங்கியிருக்கச் சொல்லிவிட்டுத் தன் பாட்டில் போகிறது. அன்றைக்குத் தனியே நின்றபடியால் என் சொல்லைக் கேட்டாள். "சரி, இருக்கிறன்" என்றாள். அந்த அம்மா மற்ற வீடுகளைத் தட்டி எழுப்பிவிட்டுத் திரும்பவும் வருவதாகச் சொல்லிப் போனதாகவும் சொன்னாள்.

நான் திரும்பவும் கமெராவைப் பார்த்தேன். மதில் அப்படியே நின்றது. தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, மறுபடியும் ஃபோன்.

"அப்பா, ஷெல்லருக்குள்ளை தண்ணி."

நான் ஊர் ஊராக மணந்து பார்க்கிற அதே நிலத்தடி அறை. "பைப் வெடிச்சிருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்லை. வடிகாலுக்குள்ளாலை மேலை வருது. பின்னுக்குப் பாருங்கோ." அவள் ஃபோனைத் திருப்பி யன்னலுக்குப் பிடித்தாள். பின்வளவுப் புல் பாதிக்கு மேல் தண்ணீரில். "அப்பா, ஓடை மற்றப் பக்கமா ஓடுது."

பார்த்தேன். வழக்கமாக ஆற்றை நோக்கிப் போகிற ஓடை, ஆற்றில் இருந்து வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒரு பிளாஸ்ரிக் கதிரை அதன் மேல் ஆறுதலாக மிதந்து வந்தது.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் கடல் பெருத்தால் அலை முன்னுக்கு வந்து கதவைத் தட்டாது. தொண்டைமானாற்று வாயால் ஏறி உட்பக்கம் போய், கடலையே காணாத தோட்டக்கிணறுகளை உவராக்கும். முன்னுக்கு நிற்கிறவனுக்குக் கால் நனையாது. அந்த அமெரிக்க ஊரில் மேடு ஆற்றோரத்தில்தான் இருந்தது, பள்ளம் பின்னுக்கு. மதிலைக் கட்டி முன்வாசலைச் சாத்தியிருந்தார்கள். ஆறு ஊரைத் தாண்டி, ஓடை வந்து சேர்கிற வாயால் நுழைந்து பின்வளவால் வந்துகொண்டிருந்தது. சோளக்காணி ரோட்டு போகப் போகப் பள்ளம். நான் அவளை அந்தப் பள்ளத்துக்குள் ஓடச் சொல்லியிருந்தேன்.

"பிள்ளை, வெளிக்கிடு. ஆத்தைப் பாத்து ஓடு."

"என்ன? நீங்கள்தானே..."

"நான் சொன்னதை விடு! அந்த மனிசி சொல்லுறதைக் கேள். அவ எங்கை?"

என் ஆயுளில் ஒருவருக்கும் சொல்லாத சொல் அது. மனைவி அகப்பையோடு ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கார் வாசலிலை நிக்குது. அவதான். பாலத்துக்கு மேலாலை தண்ணி போகத் தொடங்கீட்டுதாம், கெதியா வரட்டாம்."

"ஒண்டையும் எடுக்காதை. பாஸ்போட்டும் வேண்டாம். போ!"

ஃபோன் நின்றது. திரும்ப எடுத்தேன், மணி அடிக்கவே இல்லை. மேட்டுக்குப் போக அந்த ஓடைப் பாலம் ஒன்றுதான். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பாலத்தையே பார்த்தேன். நகத்தின் அளவு வெள்ளைக் கோடு. அதன் மேல் என் பிள்ளையும், அவள் வயிற்றில் இன்னொரு பிள்ளையும்.

அப்போதுதான் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. சரக்கு அடுப்பிலேயே கருகிவிட்டது.

"அதை நிப்பாட்டுங்கோ, ஃபோன் அடிச்சாக் கேளாது!" என்று மனைவி கத்தினாள். நான் கதிரையில் ஏறித் தும்புத்தடியால் அடித்தேன். அது நின்றபாடில்லை. பிய்த்து வெளியே பனிக்குள் எறிந்தேன், அங்கேயும் கிடந்து கத்தியது. பல்கணிக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் மேசையில் ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம்.  

அடித்தது. ஃபோனில் தெரியாத இலக்கம். முதலில் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் குரல், மூச்சு வாங்க: "உஃப் டா." சலித்துப்போன நோர்வேக்காரர் சொல்லும் சொல். அவவின் முன்னோர் இங்கிருந்து கொண்டுபோனதில் அவவிடம் மிஞ்சியிருந்தது அதுதானாம். எனக்கும் அவவுக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல்லும் அதுதான். நானும் "உஃப் டா" என்றேன். 

பிறகு மகள். "அப்பா, சேர்ச்சிலை நிக்கிறன். ஆறு முன்னாலை கிடக்கு. சப்பாத்து மட்டும் நனைஞ்சிட்டுது."

"பாலம்?"

"நாங்கள்தான் கடைசி" என்றாள். அதற்கு மேல் அழுதாள். மனைவி ஃபோனை என் கையில் இருந்து பறித்தாள்.

குழந்தை சுகமாகப் பிறந்தது. மனைவி புதிதாகச் சரக்கு வறுத்துக்கொண்டு போய் வந்தாள். அவர்களது வீட்டின் சுவர்கள் இடுப்பளவுக்கு ஊறிப்போயிருந்தன.

போன கிழமை மகளோடு கதைத்தபோது, மேட்டில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருப்பதாகச் சொன்னாள்.

"ஃபோனைத் திருப்பு, நான் பாத்துச் சொல்லுறன்."

"பாருங்கோ அப்பா. ஆனா நேற்று வாங்கியாச்சு."

 ஃபோனில் மரப்படி ஒன்று தெரிந்தது, அதற்கப்பால் ஒரு யன்னல், யன்னல் நிறைய ஆறு.

"நிலத்தடி அறைக்குள்ளை மணக்குதோ?"

"இல்லை."

"மூலைக்குள்ளை மூக்கை வைச்சுப் பாத்தனியோ?"

"ஓம் அப்பா. எல்லா மூலையும்."

"அப்ப நல்ல வீடு" என்றேன். "வாங்கு."